இல்லாத லோக்கல் அலமாரி

முகிலா,

நீ இணையத்தில் எழுதியதைப் படித்தேன். அம்மா தன் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். இரண்டு தடவை படித்தேன். ஜொகூரில் சொந்தமாகப் பாட்டுக் கடை நடத்தும் மூன்று பேரின் கடைகளை ஒப்பிட்டு, நம் மலேசியக் கலைஞர்களின் இசைத்தட்டும் கேசட்டும் எங்கே எவ்வளவு கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறது. கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு வரி. "என் அப்பா ரெங்கத்தில் கேசட் கடை வைத்திருந்த காலத்தில், உள்ளூர்ப் பாட்டுக்கென்றே தனி அலமாரி வைத்திருந்தார்." இதை உனக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. அந்த அலமாரியை நீயாகச் செய்து, நீயாக ஆணி அடித்து, என் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். அதற்குக் கீழே யார் யாரோ "சல்யூட் அங்கிள்" என்று எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை பொந்தியானுக்குப் போய் சேகர் சித்தப்பாவைப் பார்க்கப் போவதாகவும், அவரிடம் பேட்டி எடுத்து இரண்டாம் பாகம் எழுதப் போவதாகவும் அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை நீ படித்துவிட வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. வந்தாலும் நீ நடுவில் கேள்வி கேட்பாய், எனக்குக் கோபம் வரும், கோபத்தில் பாதியைப் பொய்யாகச் சொல்லிவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை அம்மா பஸ் ஏறி, நீ இருக்கும் கெலாங் பாத்தாவுக்கு வந்து இதையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் உன் கையில் தருவாள். கடிதத்தை முதலில் படி, பொட்டலத்தைப் பிறகு பிரி.

கடைகளைப் பார்க்கப் போன அந்தச் சனிக்கிழமை "வாங்கப்பா, நீங்களும் பழைய கடைக்காரர்தானே, வந்து பாருங்க" என்று நீ என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முதலில் ஜொகூர் பாருவில் மாடியில் இருந்த அந்தச் சீனப் பையனின் கடை. குளிர்சாதனம், மஞ்சள் விளக்கு, மூலையில் ஒரு காப்பி மெஷின். பாட்டுக் கடையில் எதற்குக் காப்பி என்று கேட்டதற்கு நீ என்னை முறைத்தாய். இசைத்தட்டுகளை அகர வரிசையில் அடுக்கி அட்டை செருகியிருந்தான். "லோக்கல்" என்ற அட்டைக்குப் பின்னால் மலாய் ராக், சீனப் பாட்டு, ஆங்கிலத்தில் பாடுகிற நம் பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். தமிழ் அங்கே இல்லை. தேடிப் பார்த்தால் "உலக இசை" என்ற அட்டைக்குப் பின்னால், ஆப்பிரிக்காவுக்கு அடுத்து இருந்தது. ரெங்கத்துக்காரன் அவனுக்கு உலகமாகத் தெரிகிறான். நீ அதைச் சொன்னதும் அந்தப் பையன் "சாரி அங்கிள், ஐ மூவ்" என்று சொல்லி, நம் கண் முன்னாலேயே எடுத்து மாற்றி வைத்தான். அதற்காக அவனுக்கு இரண்டாம் இடம் கொடுத்திருக்கிறாய். சரிதான்.

அடுத்தது நம் ஆள் கடை. முன்னால் ஊதுபத்தி, குத்துவிளக்கு, பிளாஸ்டிக் மாலை. பின் சுவரில் படப் பாட்டு, பக்திப் பாட்டு, எல்லாம் இந்தியாச் சரக்கு. லோக்கல் இருக்கிறதா என்று நீ கேட்டதற்கு அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "லோக்கல்லாம் யாரு தம்பி வாங்குறா? வச்சா தூசிதான் தட்டணும்." அந்தப் பதிலை அப்படியே எழுதி, "தமிழன் கடையில் தமிழன் பாட்டுக்கு இடமில்லை" என்று தலைப்புப் போட்டு, கடைசி இடம் கொடுத்தாய். காரில் திரும்ப ஏறும்போது நீ திட்டிக்கொண்டே வந்தாய், நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

மூன்றாவது குளுவாங்கில் அபாங் மான் கடை. கித்தார் பழுது பார்க்கிற பட்டறை, அதற்குப் பின்னால் பழக்கூடைகளில் கேசட்டுகள். ஒழுங்கு இல்லை, வெளிச்சம் இல்லை, பூனை படுத்திருந்தது. ஆனால் ஒரு கூடையின் மேல் மார்க்கர் பேனாவில் "தமிழ் ஜொகூர்" என்று மலாயில் எழுதி ஒட்டியிருந்தார். எந்தத் தோட்டத்தில் எந்தக் குழு இருந்தது, யார் டிரம் அடித்தார், யார் பிறகு டாக்சி ஓட்டப் போனார் என்றெல்லாம் அந்த மலாய்க்காரர் சொல்லச் சொல்ல நீ வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அந்தக் கூடையில்தான் அதை எடுத்தாய். உறை இல்லாத ஒரு கேசட். மேலே ஒட்டியிருந்த காகித ஸ்டிக்கர் பாதி உரிந்து, அடியில் அச்சடித்த எழுத்து தெரிந்தது. செம்பனைத் தென்றல். "அப்பா! சித்தப்பா பேண்டு!" என்று நீ கத்தியதில் பூனை எழுந்து ஓடிவிட்டது. நான் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று சொன்னேன். நீ தண்ணீர் வாங்கி வரப் போனாய்.

வீட்டுக்கு வந்து நீ அதை மெஷினில் போட்டாய். சித்தப்பாவின் குரல் வரும் என்று கைப்பேசியில் பதிவு செய்யத் தயாராக உட்கார்ந்திருந்தாய். வந்தது ஒரு படப் பாட்டு. திருப்பிப் போட்டாய், அதிலும் படப் பாட்டு. "அலமாக்! எவனோ ஒரு மடையன் இதுக்கு மேலயே வேற பாட்டப் பதிஞ்சு வச்சிருக்கான்பா. இவனையெல்லாம் என்ன செய்யலாம்?" என்றாய். நான் "ஆமா" என்றேன். சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது உனக்குக் கேட்டதா? அம்மாவுக்குத் தெரியும். நீ கிளம்பிப் போனதும் அவள் வந்து, "அவனுக்கு முப்பது வயசு ஆகுது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அந்த மடையன் உன் எதிரில்தான் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான், முகிலா.

செம்பனைத் தென்றல் சேகர் நடத்திய குழு. எங்கள் செம்பனைத் தோட்டத்து இளந்தாரிகள் ஐந்தாறு பேர். கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் படப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தவர்கள், ஒரு வருடம் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, ஜொகூர் பாருவில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிந்து கேசட் போட்டார்கள். அச்சடித்தவற்றில் ஐம்பதை சேகர் பெட்டியோடு கொண்டுவந்து என் கடையில் வைத்தான். ரயில் நிலையத்துக்கு எதிரே நம் கடை அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணே, கண்ணுல படற மாதிரி வைங்கண்ணே" என்று மட்டும் கேட்டுக்கொண்டான். நானும் ஒரு வாரம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். வருகிற ஆள் கையில் எடுப்பான், திருப்பிப் பார்ப்பான், "ஓ, லோக்கலா?" என்பான், வைத்துவிடுவான். அந்த ஒரு சொல்லை எப்படி உச்சரிப்பார்கள் என்று உன்னைப் போன்ற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. உனக்கு லோக்கல் என்றால் தேடிப் போய் வாங்குகிற சாமான். எங்களுக்கு அது மட்டமான சாமானுக்குப் பேர். இரண்டு மாதத்தில் மூன்று விற்றது. மூன்றையும் வாங்கியவர்கள் எங்கள் தோட்டத்து ஆட்கள். மிச்சம் கீழ்த் தட்டுக்குப் போனது. பிறகு பெட்டிக்குத் திரும்பிப் போனது. ஆக, தனி அலமாரி என்று நீ எழுதியது அந்தப் பெட்டியைத்தான்.

தீபாவளி வந்தது. ஒரு புதுப் படத்தின் பாட்டுக்கு ஊரே அலைந்தது. அப்போது எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் பாட்டை வெற்று கேசட்டில் பதிந்து விற்பதுதான் வழக்கம். சட்டப்படி தப்பு. எல்லோரும் செய்தோம். அந்த வாரம் வெற்று கேசட் எங்கேயும் கிடைக்கவில்லை. சம்பளம் வாங்கிய தோட்டத்துச் சனம் வாசலில் நிற்கிறது. எனக்கு அந்தப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. பதிந்த பாட்டை அழிக்கக் கூடாது என்றால் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுவார்கள். அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் மெஷின் ஏமாந்து மறுபடியும் பதியும். மத்தியான வெயிலில் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். இரண்டு நாளில் நாற்பத்தாறு கேசட். சேகரின் குழுப் பேர் தெரியாமல் இருக்க மேலே காகித ஸ்டிக்கர். எல்லாம் ஒரே மாலையில் போய்விட்டது. மனசு உறுத்தியதா என்று கேட்காதே. அன்றைக்கு எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் சேகர் வந்தான். பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பார், அதைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்துவிட்டது, "வித்துப் போச்சுடா." "எல்லாமாண்ணே? நெசமாவா?" "எல்லாந்தான்." பெட்டிக்கான முழு விலையையும் என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பணத்தில் நான் அவனை ஏமாற்றவில்லை. அதனால்தான் அவன் நம்பினான். பணத்தில் ஏமாற்றியிருந்தால் எங்களுக்குள் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். தம்பி முகம் வாடக் கூடாது என்று சொன்ன பொய் அது. அன்பினால் சொன்னேன் என்றுதான் வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அன்பு. பாதி, உண்மையைச் சொல்லப் பயம். ஒருத்தர் மனசு நோகக் கூடாதென்று நீ பொய் சொல்லும்போது யாருடைய மனசைக் காப்பாற்றுகிறாய் என்று ஒரு தடவை யோசித்துப் பார். இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆகப் போகிற நேரம், வேலையை விட்டுவிட்டான். ரெங்கத்தில் மட்டும் இவ்வளவு வேகமாக விற்றால் ஜொகூர் முழுக்க எவ்வளவு விற்கும் என்று கணக்குப் போட்டு, இரண்டாவது கேசட் பெரிய அளவில் போட்டான். நான் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பது? தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் கேசட் ஊர் ஊராகப் பெட்டியிலேயே கிடந்தது. குழு கலைந்தது. "மொத கேசட்டு அப்படிப் போச்சு, இது ஏண்ணே இப்படிக் கெடக்குது? பாட்டு சரியில்லையா?" என்று என்னிடமே வந்து கேட்டான். நான், "சனங்களுக்கு டேஸ்ட்டு மாறிப்போச்சுடா" என்றேன். தன் பாட்டில்தான் குறை என்று நம்பி, அவன் பாடுவதையே விட்டான்.

பிறகு ஒருநாள் குளுவாங்கிலிருந்து டாக்சியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறான். டாக்சிக்காரர் பாட்டை மாற்ற கேசட்டை வெளியே எடுத்தார். வெயிலில் கிடந்து கிடந்து ஸ்டிக்கர் உரிந்திருந்தது. அதை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்து என் முன்னால் வைத்தான். "எத்தனைண்ணே?" என்று மட்டும் கேட்டான். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "காசு குடுத்துட்டேன்ல? என் சரக்கு, நான் என்னவும் செய்வேன்" என்றேன். அவன் படியிறங்கிப் போனான். பொந்தியானுக்குப் போய் பள்ளிப் பஸ் ஓட்டினான், இன்னும் ஓட்டுகிறான். சித்தப்பா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று சின்ன வயதில் நீ கேட்டபோதெல்லாம், குடித்துவிட்டு சண்டை போட்டார் என்று சொன்னேன். அவன் குடிக்கிறவன் இல்லை. பீர்கூடத் தொட்டதில்லை. அவன் பேரையும் சேர்த்து அழித்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் எழுதாமல் இருந்திருப்பேன். நீ ஆரம்பப் பள்ளியில் படித்தபோது பெரிய வெள்ளம் வந்தது. அவன் வீட்டில் இருந்த ஒன்றிரண்டு கேசட், ஸ்டுடியோ கொடுத்த மூல டேப், எல்லாம் தண்ணீரில் போய்விட்டன. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்றான். எத்தனையோ வருடம் கழித்து. உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்து, "கடைக்காரரே, செம்பனைத் தென்றல் கேசட்டு ஒன்னு இருக்குமா?" என்றான். அண்ணே என்று கூப்பிடவில்லை, முகிலா. நாலு வாடிக்கையாளர்கள் முன்னால், கூடப் பிறந்தவன் என்னைக் கடைக்காரரே என்றான். எனக்குச் சுருக்கென்றது. அவன் அந்தப் படியில் நின்று கேட்பதற்கு எவ்வளவு மென்று விழுங்கியிருப்பான் என்று நான் நினைக்கவில்லை. என் மானம்தான் பெரிதாக இருந்தது. கடைக்காரனாகவே பதில் சொன்னேன். "லோக்கல்லாம் நாங்க வைக்கிறதில்ல." அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அப்போது அது என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஐம்பதில் மூன்று விற்றது, நாற்பத்தாறை அழித்தேன் என்று எழுதினேனே, நீ கூட்டிப் பார்த்திருப்பாய். மிச்சம் ஒன்று. அதுதான் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. பாசத்தினால் வைத்துக்கொண்டேன் என்று நினைத்து அடுத்த சல்யூட்டைத் தயார் செய்யாதே. காரணத்தைக் கேள். அந்தக் கேசட்டில் ஒரு பெரட்டுப் பாட்டு இருக்கிறது. பெரட்டு என்றால், தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, தோட்டத்துக் கணக்கர் கிராணி பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. சேகர் கிராணியின் குரலில் எங்கள் தோட்டத்து ஆட்கள் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவான், குழுவினர் "இருக்கேன்" என்று தாளத்தோடு பதில் சொல்வார்கள். முப்பது பேருக்கு மேல். எங்கள் அப்பா, அம்மா பேரும் உண்டு. அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புத் திட்டம், ஆட்கள் எங்கெங்கோ. அவ்வளவு பேரும் ஒரே வரிசையில் நிற்பது அந்தப் பாட்டில் மட்டும்தான். நடுவில் என் பேரும் வரும். நாற்பத்தாறு தடவை அத்தனை பேரையும் அழித்துவிட்டு, என் பேர் இருக்கிறதே என்று ஒன்றை எனக்காக எடுத்து வைத்துக்கொண்டவன் நான்.

நேற்று மத்தியானம் அதைப் போட்டுக் கேட்டேன். அவன் வாசலில் வந்து கேட்டுவிட்டுப் போன பிறகு ஒரு தடவைகூட நான் அதைத் தொட்டதில்லை. கிராணி என் பேரைக் கூப்பிடுகிறார். மற்ற எல்லோருக்கும் "இருக்கேன்" என்று வருகிற இடத்தில் தாளம் நிற்கிறது. "அண்ணன் கடை வச்சிட்டாரு கிராணி!" என்று ஒரு குரல் கத்துகிறது. சேகருடைய சொந்தக் குரல். எல்லோரும் சிரித்துக் கைதட்டுகிறார்கள். எவ்வளவு பெருமையாகக் கத்துகிறான் தெரியுமா? அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அம்மா வந்து மெஷினை நிறுத்தினாள்.

இனி நீ செய்ய வேண்டியது. அந்த அலமாரி வரியை எடுத்துவிடு. ஊதுபத்திக் கடைக்காரருக்குக் கடைசி இடம் கொடுத்திருக்கிறாயே, அதையும் மாற்று. அவர் லோக்கல் இல்லை என்று நேராகச் சொன்னார். வாங்கி வைத்து அழிக்கவில்லை. கடைசி இடத்தில் என் கடையைப் போடு, காரணத்தையும் எழுது. சிங்கப்பூரில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் படிப்பார்களே என்று பார்க்காதே. என் மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் அம்மாவுக்கு மட்டும் போன் செய்.

ஞாயிற்றுக்கிழமை ரெங்கத்துக்கு வந்து என்னையும் பொந்தியானுக்குக் கூட்டிப் போ. நான் காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நீ மட்டும் உள்ளே போய்க் கேசட்டை அவன் கையில் கொடு. என்னைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சாதே. பெரட்டில் ஆள் வராவிட்டால் கிராணி அந்தப் பேருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். சேகர் என் பேருக்குக் கோடு போட்டு எவ்வளவோ காலம் ஆகிறது, அது அவன் நியாயம். ஒருவேளை அவன் வெளியே எட்டிப் பார்த்து, காரில் யார் என்று கேட்டால், அப்பா என்று சொல்லாதே. உங்கள் அண்ணன் என்றும் சொல்லாதே. ரெங்கத்துக் கடைக்காரர் வந்திருக்கிறார், அன்றைக்கு நீங்கள் கேட்ட கேசட் ஒன்று அவரிடம் இருந்ததாம் என்று சொல்.

அப்பா